ஆபீசர் பாட்டில்

பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. குருவி அதற்கு எதிரிலேயே கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

வாசலில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் தீய்ந்த வாடை வந்ததும் எழுந்து உள்ளே ஓடினார். பால் மேடை முழுக்க ஓடி அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முதலில் கேஸை மூடினார். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

“என்னடி, நின்னுக்கிட்டே தூங்குறியா?”

“ஒரே புகையா இருக்குங்க.”

“ஏது புகை? அடுப்பே அணைஞ்சு போச்சு.”

“வீடு பூரா வெள்ளையா இருக்கே, உங்களுக்குத் தெரியலையா?”

பல் விளக்கிக்கொண்டிருந்த கொழுந்தியாள் எட்டிப் பார்த்தாள். அக்கா வீட்டில் தங்கித் தையல் கடைக்கு வேலைக்குப் போகிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

“மாமா, நீங்க தலைக்கு எண்ணெய் தேச்சு வழுவழுன்னு வந்து நின்னீங்கல்ல, அந்த ஒளி அக்கா கண்ணைக் கூசுது.”

குருவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கரித்துணியை எடுக்கக் கையை நீட்டினாள். துணி அங்கேயேதான் கிடந்தது. கை அதற்குப் பக்கத்தில் மேடையைத் தடவியது, மறுபடி தடவியது, பால் பாத்திரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. கொழுந்தியாள் வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். இஸ்திரிக்காரர் அவள் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தார்.

குருவி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. சின்ன உருவம், ஓரிடத்தில் நிற்காத கால், அதனால் தெருவே வைத்த பெயர். அவள் வேலை செய்தது கண்ணாடிப் பட்டறையில். செல்போனுக்கு முகப்பில் போடுகிற கண்ணாடிகள் பெரிய தொழிற்சாலையிலிருந்து தட்டுத் தட்டாக வரும். துணியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரே இழுப்பாக இழுத்துத் துடைக்க வேண்டும். பிறகு விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்துத் தூசியோ விரல் ரேகையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்றில் தூசி பறந்துவந்து ஒட்டும் என்று மின்விசிறி போட விடமாட்டார்கள். ஜன்னல் இடுக்குகளைக்கூட டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார்கள். கையுறை போட்டால் கண்ணாடி வழுக்கும் என்று பெண்களே கழற்றிப் போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற தூசியைக் குருவி சும்மா பார்த்தே சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர் யாரையும் லேசில் பாராட்டுகிற ஆளில்லை. அவரே அவள் கண்ணை மட்டும் பாராட்டுவார்.

கேனிலிருந்து எல்லோருடைய பாட்டிலிலும் ஸ்பிரிட் ஊற்றிக் கொடுப்பதும் அவள்தான். கேன்கள் அடுக்கியிருந்த மூலையில்தான் அவள் பெஞ்சு. அவசர ஆர்டர் என்று அந்த வாரம் ஷிப்ட் முடிந்த பிறகும் உட்காரவைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வந்தவள், “புது கேன் வந்ததுல இருந்து தலையைப் பிளக்குது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள். நேரத்துக்குச் சாப்பிட்டால் தலை ஏன் வலிக்கிறது என்று இஸ்திரிக்காரர் சொன்னார். புருஷன்மார்கள் எல்லாத் தலைவலிக்கும் கையில் வைத்திருக்கிற ஒரே மருந்து அது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்தார். மூச்சை எண்ணினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். குருவி மேல்மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தாள். நடந்து வந்த களைப்பு என்று அவளே சொல்லிக்கொண்டாள். டாக்டரம்மா இஸ்திரிக்காரரைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரம்மா நேத்து ஏதாவது குடிச்சாங்களா?”

“டீ குடிச்சா. காலையில தண்ணி குடிச்சா.”

“அது இல்ல. சாராயம் மாதிரி ஏதாவது. கலப்படச் சரக்கு குடிச்சவங்களுக்குத்தான் இப்படி வெள்ளையாத் தெரியும். மறைக்காம சொல்லிட்டீங்கன்னா உடனே வைத்தியம் ஆரம்பிச்சிடலாம்.”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி அவரிடம் துணி தேய்க்கக் கொடுக்கிற வீட்டுக்காரி. நாளைக் காலைக்குள் இந்தப் பேச்சு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்விடும்.

“டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. அதனால சும்மா இருக்கேன். என் பொண்டாட்டி அந்த மாதிரி பொம்பளை இல்ல.”

“நான் அவங்களைத் தப்பா சொல்லல. வேலை எங்க செய்றாங்க?”

“கண்ணாடிப் பட்டறையில. ஸ்பிரிட்டு போட்டுத் துடைக்கிற வேலை.”

“என்ன ஸ்பிரிட்டு?”

“ஸ்பிரிட்டுதாங்க.”

“ஸ்பிரிட்டுல பல ஜாதி இருக்கு. அந்த பாட்டிலைக் கொண்டு வர முடியுமா? அது மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும். சீக்கிரம் வாங்க.”

கொழுந்தியாளைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு அவர் ஓடினார். போகிற வழியெல்லாம் அவர் மனசில் கண்ணைவிடப் பெரிதாக அந்தக் கேள்விதான் நின்றது. குடிச்சாங்களா. எப்படிக் கேட்கலாம். இதைச் சொல்லவே கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

பட்டறையில் சூப்பர்வைசர் இல்லை, வெளியே போயிருந்தார். உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறிய வாடையில் இஸ்திரிக்காரருக்குக் கண் கரித்தது. பெண்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் துடைத்துக்கொண்டிருந்தார்கள். குருவிக்குப் பக்கத்துப் பெஞ்சுக்காரி, எல்லோரும் நெட்டையக்கா என்று கூப்பிடுகிறவள், அன்று குருவியின் மூலையில் உட்கார்ந்து ஸ்பிரிட் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“என்ன தம்பி, குருவி வரலையா? நான்தான் அவ வேலையையும் சேர்த்துப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“அவளுக்குக் கண்ணு தெரியலக்கா.”

“என்ன சொல்றீங்க?”

“ஆஸ்பத்திரியில இருக்கா. நீங்க துடைக்கிற ஸ்பிரிட்டு பாட்டில் ஒண்ணு வேணும். டாக்டரம்மா கேக்குறாங்க.”

நெட்டையக்கா கையிலிருந்த பாட்டிலையே சட்டென்று நீட்டினாள். அது பழைய ஜூஸ் பாட்டில். மேலே ஒட்டியிருந்த படம் உரிந்து பாதி தொங்கியது. மூடி தொலைந்துபோய் வாயில் கந்தல் துணியைச் செருகியிருந்தார்கள். உள்ளே பாதிக்கு நிறமில்லாத திரவம் ஆடியது.

இஸ்திரிக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். சட்டையில் ஒரு மடிப்பு பிசகியிருந்தால்கூட மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்க்கிற மனுஷன் அவர். கசங்கின எதையும் யார் கையிலும் கொடுத்துப் பழக்கமில்லை. அதோடு, இந்தப் பாட்டில் அசல் சாராயப் பாட்டில் மாதிரியே இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டு அந்த வராந்தாவில் எப்படி நடப்பது?

“என்னக்கா இது? குடிகாரன் மடியில வச்சிருக்கிற பாட்டில் மாதிரி இருக்கு. அந்தம்மா ஏற்கெனவே என் பொண்டாட்டி குடிச்சாளான்னு கேக்குது. இதைக் கொண்டு போய்க் காட்டினா, பாத்தியா, நான் சொன்னது சரிதான்னு சொல்லும். லேபிள் ஒட்டினது ஒண்ணும் இல்லையா?”

“இருக்கே. ஆபீசர் பாட்டில் இருக்கு.”

வேலை செய்கிற இடத்தில் எந்த ரசாயனம் இருந்தாலும் அதன் பெயரையும் அபாயத்தையும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும், சின்ன பாட்டிலில் மாற்றி ஊற்றினாலும் அதிலும் ஒட்டியிருக்க வேண்டும், வேலை செய்கிறவர்களுக்கு அதைப் படித்துச் சொல்ல வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் வைத்திருக்கிறது. நல்ல சட்டம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. போன வருஷம் அதைப் பார்க்க ஒரு ஆபீசர் வந்தார். அவர் வருகிறார் என்றதும் சூப்பர்வைசர் புதுப் பாட்டில்கள் வாங்கி, நெருப்புப் படம் போட்ட கலர் லேபிள் அடித்து ஒட்டினார். ஆபீசர் பார்த்தார், திருப்தியாகப் போனார். மறுநாளே ஸ்பிரிட் சிந்தி ஒரு லேபிளில் சாயம் கரைந்தது. அடுத்த தடவை ஆபீசர் வரும்போது லேபிள் கிழிந்திருந்தால் உங்களைத்தான் கேட்பேன் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். பெண்கள் அந்தப் பாட்டில்களை அப்படியே எடுத்து ஷெல்பில் வரிசையாக வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். வேலைக்கு ஜூஸ் பாட்டில்கள் வந்தன. விருந்தாளிக்கு நல்ல தட்டை எடுத்துவைத்துவிட்டு நாம் நசுங்கின தட்டில் சாப்பிடுவதில்லையா, அந்தப் பழக்கம்தான் இது.

நெட்டையக்கா துணியை விலக்கி ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். அது பளபளவென்று இருந்தது.

“ரெண்டும் ஒண்ணுதானக்கா?”

“ஸ்பிரிட்டுதான் தம்பி. ஸ்பிரிட்டுல என்ன, இங்க வேற என்ன இருக்கு.”

இஸ்திரிக்காரர் ஜூஸ் பாட்டிலைப் பெஞ்சு மேல் வைத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்த தேய்த்த கைக்குட்டையை விரித்து அதில் பாட்டிலைச் சுற்றினார்.

டாக்டரம்மா லேபிளை மேலிருந்து கீழ்வரை படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். முகம் தெளிந்தது.

“இது எத்தில் ஆல்கஹால். நான் பயந்தது இது இல்ல. இதால கண்ணு இப்படி ஆகாது. உங்களை அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க.”

“பரவாயில்லீங்க. நீங்க உங்க வேலையைத்தானே செய்யிறீங்க” என்று இவர் பெரிய மனதோடு சொன்னார். வராந்தாப் பெண்கள் காதில் விழுகிற மாதிரிக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

டாக்டரம்மா நரம்பு வீக்கமாக இருக்கலாம் என்று எழுதிக் கண் வார்டுக்கு அனுப்பினார். அங்கே ஊசி போட்டார்கள், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். இஸ்திரிக்காரர் கேண்டீனில் ரொட்டியும் டீயும் வாங்கிவந்து குருவிக்கு ஊட்டிவிட்டார். டாக்டரம்மா தன்னிடம் மன்னிப்புக் கேட்ட கதையை அவளிடம் இரண்டு தரம் சொன்னார். என்ன கேட்டதற்கு மன்னிப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை.

“எதுக்குங்க அவங்க உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்?”

“ஏதோ. விடு. நீ சாப்பிடு.”

“ரொட்டி எந்தப் பக்கம் இருக்கு?”

“வாயைத் திற, நானே வைக்கிறேன்.”

“ராணி மாதிரி வச்சிருக்கீங்க. கண்ணு சரியானதும் இதெல்லாம் நிறுத்திடுவீங்க.”

“நிறுத்த மாட்டேன்.”

“பாக்குறேன்” என்றாள் குருவி. சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது என்றாள். மறுநாள் விடிந்த பிறகும், இன்னும் விடியவில்லையா என்று கேட்டாள்.

அன்று மதியம் நெட்டையக்காவைப் பட்டறைப் பெண்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பெஞ்சிலிருந்து நேரே வந்திருந்தார்கள். அவள் கையில் அந்த ஜூஸ் பாட்டில் கந்தலோடு அப்படியே இருந்தது. கீழே வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகப் பறக்கிறது என்று புலம்பினாள். குருவியின் கட்டிலைப் பார்க்க வந்திருந்த டாக்டரம்மா அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பினார்.

“கையில என்ன அது?”

“ஸ்பிரிட்டும்மா. துடைக்கிறது.”

“நீங்களும் அந்தக் கண்ணாடிப் பட்டறையா? அப்போ அவர் கொண்டு வந்த பாட்டில்? லேபிள் ஒட்டினது?”

“அது ஆபீசர் வந்தா காட்டுறதும்மா. அதுல நாங்க துடைக்க மாட்டோம்.”

டாக்டரம்மா ஜூஸ் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினார். கந்தலை உருவி, பாட்டிலைத் தள்ளிப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

“ரெண்டுலயும் ஒரே சரக்கா?”

“அது பழைய கேன்ல ஊத்தி வச்சது. இது இப்ப வந்த கேனு. வாசனை கொஞ்சம் வேற, மத்தபடி நல்லாத்தான் துடைக்குது.”

“புது கேன் மேல என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. ஒரு நம்பரும் போன் நம்பரும் இருக்கு.”

வாடை வேறாக இருக்கிறதே என்று எடுத்துவைத்திருந்த அந்தக் கேனின் படம் கூட வந்த பெண்ணின் செல்லில் இருந்தது. டாக்டரம்மா அங்கேயே நின்றபடி போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவன் என்ன கலவை என்று சொல்ல முடியாது, அது கம்பெனியின் தொழில் ரகசியம் என்றான்.

“ரகசியத்தை நீங்களே வச்சுக்கோங்க. ஆபத்தான நிலைமையில வைத்தியம் பாக்குற டாக்டர் கேட்டா சொல்லியே ஆகணும்னு சட்டத்துல இருக்கு. என் முன்னாடி ரெண்டு பேர் படுத்திருக்காங்க. பேரைச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று இஸ்திரிக்காரருக்குக் கேட்கவில்லை. டாக்டரம்மா வாய் திறந்து அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது மட்டும் கேட்டது. மெத்தனால். கள்ளச்சாராயத்தில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் அடிபடுகிற பெயர். அதைக் குடிக்கவே வேண்டாம், அடைத்த அறையில் நாள் முழுக்கச் சுவாசித்து வெறுங்கையில் தேய்த்தாலே போதும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டரம்மா நர்ஸைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார். போகிற போக்கில் இஸ்திரிக்காரரை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. அவர் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா முதல் கேள்வியிலேயே கிட்டத்தில் வந்துவிட்டார். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து உண்மையை மறைத்தது நான்தான் என்று அவருக்கு உறைத்தது.

இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான் நடந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். நெட்டையக்காவுக்கு வெள்ளை கலைந்து முதலில் நர்ஸ் தெரிந்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்து முள் தெரிந்தது. குருவிக்கு உயிர் தங்கியது. கண் தங்கவில்லை. பார்ப்பதற்கு அந்தக் கண்கள் பழையபடியேதான் இருந்தன, கறுப்பாக, நன்றாக. அதைத்தான் கொழுந்தியாளால் தாங்க முடியவில்லை. வாய் நீளமான அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் அக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் வந்தார். போன வருஷம் பட்டறையைப் பார்த்துத் திருப்தியாகப் போன அதே ஆபீசர். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“நான் பாத்தப்ப எல்லா பாட்டில்லயும் லேபிள் இருந்துச்சும்மா. நானே ஒவ்வொண்ணா படிச்சேன்.”

“நீங்க பாத்தப்ப இருந்துச்சு சார்” என்றாள் நெட்டையக்கா. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொல்லியும் அவள் குருவியின் கட்டிலருகே இருந்து நகரவில்லை.

“அங்கதான் பிரச்சினை. முதலாளி எழுதிக் குடுத்திருக்காரு. சட்டப்படி லேபிள் ஒட்டின பாட்டிலைத்தான் வேலைக்குக் குடுத்தேன், அதுக்கு ஆஸ்பத்திரியே சாட்சி, முதல் நாளே வீட்டுக்காரர் அந்த பாட்டிலைத்தான் கொண்டு வந்து காட்டியிருக்காருன்னு. இந்த ரெண்டு பொம்பளைங்களும் வெளியில எதையோ வாங்கிக் குடிச்சிருக்காங்க, அந்த ஜூஸ் பாட்டில் அதுக்கு உள்ளதுன்னு சொல்றாரு. நம்பர் போட்ட கேன் ஒண்ணுகூட இப்ப அங்க இல்ல. செல்லுல இருக்கிற படம் எங்க கேன் இல்லங்கிறாரு, வித்தவனும் இவருக்கு விக்கலங்கிறான். இவர் சொல்றது நிலைச்சிடுச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. மத்தவங்க நாளைக்கும் அதே பெஞ்சுலதான் உக்காரணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதனால கேக்குறேன். அந்த லேபிள் பாட்டில் எங்க இருந்து எடுத்தது? ஏன் அதை எடுத்தீங்க?”

“நான்தான் சார் எடுத்துக் குடுத்தேன்” என்றாள் நெட்டையக்கா அவசரமாக. “பதட்டத்துல ஷெல்புல கைக்குக் கிடைச்சதை எடுத்துக் குடுத்துட்டேன். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது.”

குருவி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிக்காரர் அவள் காலடியில் நின்றிருந்தார். இப்படியே விட்டுவிட்டால் அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. நெட்டையக்கா சாகும்வரை சொல்லமாட்டாள், அப்படிப்பட்ட பொம்பளை. ஆனால் பதட்டத்தில் கைக்குக் கிடைத்தது என்றால், கைக்குக் கிடைக்கிற இடத்தில் லேபிள் பாட்டில் இருந்தது என்றுதானே ஆகும், முதலாளி சொல்வதும் அதைத்தானே.

“அக்கா பொய் சொல்றாங்க சார். அவங்க கையில வேலைக்கு வச்சிருந்த ஜூஸ் பாட்டிலைத்தான் முதல்ல நீட்டினாங்க. நான்தான் வேணாம்னு பெஞ்சு மேல வச்சேன். லேபிள் ஒட்டினது வேணும்னு நான்தான் கேட்டேன். துணி போட்டு மூடி வச்சிருந்ததை அவங்க எனக்காக எடுத்துத் தந்தாங்க.”

“ஏன் வேணாம்னீங்க?”

“பாக்க சாராய பாட்டில் மாதிரி இருந்துச்சு சார்.”

ஆபீசர் எழுதினார். பேனா நகர்கிற சத்தம் கேட்டது. கொழுந்தியாள் சீப்பைக் கூந்தலில் வைத்தபடி மாமாவையே பார்த்தாள். குருவி கையை நீட்டிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, அன்னைக்கு டாக்டரம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாங்கன்னு சொன்னீங்களே. அவங்க என்னதான் கேட்டாங்க?”

“நீ ஏதாவது குடிச்சியான்னு கேட்டாங்க.”

“குடிச்சிருந்தா?”

“உடனே வைத்தியம் ஆரம்பிச்சிடலாம்னு சொன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என் பொண்டாட்டி அந்த மாதிரி பொம்பளை இல்லன்னு சொன்னேன்.”

குருவி அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கொஞ்சம் தள்ளி, அவர் நிற்காத இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

“குடிச்சான்னே சொல்லியிருக்கலாமே. தெருவுல நாலு பேர் சிரிச்சிருப்பாங்க. அவங்க சிரிக்கிறதை நான் பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேன்.”